லயக் கதவும் தர்க்க சபையும்

அழகையா தன் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் மேடையேறினான். அதிலும் தோற்றான். அந்தத் தோல்வியை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு குளிர்கிறது.

இலங்கை மலையகத்துப் பதுளையில் ஜவுளிக்கடைச் சிப்பந்தி அவன். எங்கள் தர்க்க சபையில் அவன் சேர்ந்தது வீரசிங்கம் முதலாளிக்காகத்தான். மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில் கூலியாட்களை வேலை வாங்கும் பெரிய கங்காணியாக இருந்து, பிறகு பதுளையில் சொந்தக் கடை வைத்தவர் அவர். எங்கள் சபையில் பேசித் தோற்றதே இல்லை என்ற திமிர் வேறு.

மடுல்சீமையில் தோட்டக் கூலிகளின் வரிசை வீடுகளான லயத்தில் அழகையா சிறுவனாக இருந்தபோது, தாய் பெரியாயி காய்ச்சலில் படுத்தாள். காலையில் ஆளெடுக்கும் பெரட்டுக்கு வராதவர்களின் லயக் கதவைக் கழற்றிக்கொண்டு போவது வீரசிங்கத்தின் வழக்கம். மார்கழிக் காற்று நேரே உள்ளே அடித்தது. கதவு திரும்பி வருமுன் பெரியாயி போய்விட்டாள்.

"அவன் வாயாலேயே அது பாவமுன்னு சொல்ல வெக்கிறேன், பாருங்க" என்று என்னிடம் பல்லைக் கடித்தான் அழகையா.

சபை விதிகளைக் கரைத்துக் குடித்தான். சீட்டில் எந்தக் கட்சி விழுகிறதோ அதைத்தான் பேச வேண்டும். தலைவரை நோக்கியே பேச வேண்டும், ஆளைத் திட்டக் கூடாது. எதிர்க்கட்சி சொன்னதை மறுக்காமல் விட்டால் ஒப்புக்கொண்டதாகும். தோற்றவர் எழுந்து நன்றி சொல்ல வேண்டும்.

கங்காணி முறை நன்மையா, தீமையா என்று தலைப்பு வந்தது. 'நன்மை' அழகையாவுக்கு விழுந்தது, 'தீமை' வீரசிங்கத்துக்கு. எனக்கு வயிறெரிந்தது. அவனோ சிரித்தான்.

"தலைவர் அவர்களே, காய்ச்சல்காரி ஒருத்தியின் கதவையே கழற்றினார் ஒரு கங்காணி. அவள் செத்தாள். ஆனால் மறுநாள் பெரட்டுக்கு ஓர் ஆள்கூடக் குறையவில்லை! இதுவல்லவா நிர்வாகம்?"

வீரசிங்கம் துள்ளி எழுந்தார். தாம் கழற்றிய கதவுகள் மறந்துபோயினவோ, ஜெயிக்கிற வெறி கண்ணை மறைத்ததோ, தவளை தன் வாயால் கெட்டது.

"தலைவர் அவர்களே! காய்ச்சல்காரியின் கதவைக் கழற்றியவன் மனிதனா? கொலைகாரன்! அவனைத் தூக்கில் போட வேண்டும்!"

சபை கைதட்டியது. வாக்கெடுப்பில் வீரசிங்கத்துக்காக முதலில் உயர்ந்தது அழகையாவின் கை. பிறகு நன்றி சொல்ல எழுந்தான்.

"தீர்ப்புச் சொன்ன முதலாளிக்கு ரொம்ப நன்றிங்க. செத்தது எங்கம்மா பெரியாயி. கதவைக் கழட்டுனது நீங்கதாங்க."

தலைவர் மொஹிதீன் விதிப்படி கேட்டார்: "மறுப்பு இருக்கா, முதலாளி?"

வீரசிங்கம் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை.

"ஒப்புக்கொண்டதாக எழுதிக்கொள்ளுங்கள்" என்றார் மொஹிதீன்.