ஏகமனதாக, ஒரு கை தவிர

சிவமலர் ரீச்சரின் மரணச் செய்தி முச்சக்கரவண்டியில் கட்டிய ஒலிபெருக்கியில் வந்தது. வயலில் மருந்து அடித்துக்கொண்டு நின்றேன். "ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியை" என்பது மட்டும் காற்றில் தெளிவாகக் கேட்டது. அதற்குமேல் கேட்கத் தேவையிருக்கவில்லை. அது எங்கள் ஊர் விவசாயிகளின் கமக்கார அமைப்பின் ஒலிபெருக்கி. போன வருடம் அவருடைய வாயை நான் அடைத்ததும் அதே குழாயால்தான்.

அக்கராயன் பக்கத்தில் போன வருடம் அமைப்பு கூட்டிய கூட்டத்துக்கு வந்த எல்லோருக்கும் அது ஞாபகம் இருக்கும். போரில் இடம்பெயர்ந்து திரும்பிவந்த எங்களின் வயல்களுக்குள் அதிகாரிகள் காட்டு எல்லைக் கல் நட்டிருந்தார்கள். காலநிலை மாறுகிறது, காட்டைக் காக்கவேண்டும் என்று சுற்றறிக்கை காட்டினார்கள். வயலோடு காட்டையும் சேர்த்துக் கல்லுக்கு உள்ளே கிடப்பது முழுவதையும் விடுவிக்கக் கேட்போம் என்று, அமைப்பின் செயலாளராகிய நான் தீர்மானம் கொண்டுவந்தேன். ரீச்சர் எழும்பினார்.

"வயலைக் கேளுங்கோ, நானும் வந்து கேக்கிறன். குளத்துக்கு மேல கிடக்கிற காட்டைக் கேக்காதேங்கோ. மழை இப்ப முந்தின மாதிரி இல்லை, பெய்தா ஒரேயடியாக் கொட்டுது. அந்தக் காடும் இல்லாட்டி மண்ணெல்லாம் குளத்துக்கதான்."

"ரீச்சர், அது எங்களைத் துரத்த அவங்கள் சொல்லுற கதை," என்றேன்.

"கல்லு நட்டது அநியாயம்தான் தம்பி. அவங்கள் அநியாயம் செய்தாப்போல வெக்கை கூடினது பொய்யாகிடுமே?"

நான் பகிடி விட்டேன். "ரீச்சர் மழைக்கும் வகுப்பு நேரசூசி போட்டு வைச்சிருக்கிறா," என்று ஒலிவாங்கியில் சொன்னேன். மண்டபமே சிரித்தது. பிறகு கை உயர்த்தச் சொன்னோம். எதிர்த்து ஒரேயொரு கை. அதை எண்ணாமலே "ஏகமனதாக" என்று அறிவித்தேன். ஒரு எதிர்ப்பு இருந்தாலும் அதிகாரிகள் அதையே பிடித்துத் தொங்குவார்கள் என்ற பயம்.

"தம்பி, என்ர கை இன்னும் மேலதான் நிக்குது," என்றார் அவர். அதற்கும் சிரித்தார்கள்.

அந்த மார்கழி வெள்ளத்தில் எல்லோரும் பள்ளிக்கூடத்தில் தங்கினோம். சொல்லிக்காட்டுவார் என்று நான் ஒளித்துத் திரிந்தேன். தேத்தண்ணியோடு அவரே தேடி வந்தார். "இந்த ஒரு வெள்ளத்தை வைச்சு நான் வெண்டனான் எண்டு சொல்லமாட்டன். பிறகு ஒரு வருசம் மழை பிந்தினா நீர் வெண்டனீர் எண்டு சொல்லுவீர். பல வருசத்தைச் சேத்துப் பாக்கோணும்," என்றார். அன்றைக்காவது மன்னிப்புக் கேட்டிருக்கலாம். தேத்தண்ணிக்குச் சீனி காணாது என்று மட்டும் சொன்னேன்.

செத்தவீட்டில் ரீச்சரின் மகள் வந்து, "அம்மாவோட நிறையக் கதைச்ச ஆள் நீங்கள்தானே அண்ணை, ரெண்டு வார்த்தை சொல்லுங்கோ," என்றார். அதே ஒலிவாங்கி. நல்ல ஆசிரியை, பண்பானவர் என்று சொல்லி இறங்கினேன். அந்தக் கூட்டத்தைப் பற்றி மூச்சும் விடவில்லை. வெட்கமாயிருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தீர்மானத்தை மறுபடி உறுதிப்படுத்தி அனுப்பும்படி அதிகாரிகள் கேட்டிருக்கிறார்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை கூட்டம். எதிர்க்க அவர் இல்லை. இந்தமுறை பொய் சொல்லாமலே "ஏகமனதாக" என்று அறிவிக்கலாம்.

அவரை அறிந்தவர்களே, அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது உயர்த்திய அந்த ஒரு கை. வயல் வேண்டும், குளத்துக்கு மேலுள்ள காடு அப்படியே இருக்கட்டும் என்று ஞாயிற்றுக்கிழமை நான் அதைத் தூக்குவேன். சிரிக்கிறதென்றால் சிரியுங்கள். எண்ணாமல் மட்டும் விட்டுவிடாதீர்கள்.