ரயிலில் குறைத்த வயது

இதை எழுத ஐந்து வருடம் தயங்கினேன். நோட்டை எடுப்பேன், பிள்ளையார் சுழி போடுவேன், இரண்டு வரி எழுதுவேன், மூடி வைத்துவிடுவேன். எட்டாவது வரை படித்தவன், எழுத்துப் பிழை வருமே என்ற பயத்தால் அல்ல. எழுதினால் என் பொய் வெளியே வரும். எழுதாவிட்டால் என் மகள் மேல் ஊர் ஏற்றிவிட்ட பொய் அப்படியே நிற்கும். இத்தனை வருடம் என் மானத்தைத்தான் பெரிதாக நினைத்திருந்தேன். இனி முடியாது.

காஞ்சிபுரத்தில் தறி உள்ள வீடுகளில் இந்தக் கதையை நீங்கள் கேட்டிருக்கலாம். ஒரு பெண் கம்ப்யூட்டரில் கொலை செய்கிற விளையாட்டு விளையாடினாளாம். தகப்பன் கற்பூரத்தின் முன் நிறுத்திக் கேட்டானாம். அவள் பொய்ச் சத்தியம் செய்தாளாம். உள்ளங்கை வெந்துவிட்டதாம். அந்தப் பெண் என் மகள். அவள் கை வேகவில்லை. அவள் பொய்ச் சத்தியமும் செய்யவில்லை. நடந்தது வேறு.

என் தொழிலை முதலில் சொல்லிவிடுகிறேன். தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு ஒன்று தீரும் நேரத்தில், புதுப் பாவின் இழைகளைப் பழைய இழைகளின் நுனியோடு ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்ப்பேன். விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு ஆயிரக்கணக்கான இழை சேர்க்க வேண்டும். வீடு வீடாகப் போகிற வேலை. கை ஓடும், வாய் சும்மா இருக்காது. கிருத்திகை தவறாமல் விரதம் இருப்பவன். திருநீறு பூசாமல் வாயில் தண்ணீர் விட்டதில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை. இப்படிப்பட்டவன்தான் அதைச் செய்தான் என்று தெரிய வேண்டும்.

மகளுக்கு அப்போது பதினாறு முடிந்து சில மாதம். பதினோராம் வகுப்பு. என் மைத்துனர் புதிது வாங்கியபோது தன் பழைய கம்ப்யூட்டரைப் படிப்புக்கு என்று அவளுக்குக் கொடுத்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாளோடு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள்.

"அப்பா, ஒரு கேம் கேக்கப் போறேன். கத்தாம கேளு."

"கத்தற மாதிரி இன்னா கேம் அது?"

"பதினெட்டு ப்ளஸ்."

"உனக்குப் பதினாறுதானே ஆவுது?"

"அதனாலதான் கேக்கறேன். பதினெட்டு ஆயிருந்தா உன்ன எதுக்குக் கேக்கறேன்?"

தாளைப் பார்த்துப் படித்தாள். ஞாயிறு மட்டும். ஒரு மணி நேரம். பரீட்சை மாதத்தில் கிடையாது. சத்தம் வெளியே வராது. பூஜை அலமாரிக் கதவு மூடியிருக்கும்.

சமையலறையிலிருந்து என் மனைவி, "கதவ மூடிட்டா முருகனுக்குத் தெரியாதாடி?" என்றாள்.

"தெரியட்டும்மா. அவரு இன்னா, போலீஸா?"

அது என்ன விளையாட்டு என்று காட்டச் சொன்னேன். அதற்கென்று இருந்த ஒரு வீடியோவைப் போட்டாள். மழை பெய்கிற ஒரு தெரு. ஒரு பெண் பின்னாலிருந்து ஒருவன் வாயைப் பொத்தி, கழுத்தில் கத்தியை இறக்கினாள். ரத்தம் சுவரில் அடித்தது. மழையில் அது வழிகிறதைக்கூட நிதானமாகக் காட்டினார்கள். என் கை தன்னால் என் கழுத்துக்குப் போனது. "சிவ சிவா" என்று எழுந்துவிட்டேன்.

"அவன் கெட்டவன்பா. இவ தம்பிய கொன்னவன். கதை இருக்குது."

"கதை இருந்தா கழுத்த அறுக்கலாமா?"

"சூரசம்ஹாரத்துல சூரன் தலை விழறப்போ என்னைத் தோள்மேல தூக்கிக் காட்டினியே. எனக்கு அப்போ மூணு வயசு."

"அது சாமி!"

"அம்மா பாக்கற சீரியல்ல மாமியாருக்காரி பால்ல வெஷம் கலக்கறாளே, அதுவும் சாமியா?"

"அய்ய, அத ஏண்டி இழுக்கற? அவ இன்னும் கலக்கல. நாளைக்குத்தான் கலக்கப் போறா" என்றாள் மனைவி.

மகள் சிரித்துவிட்டாள். எனக்கும் வந்தது, அடக்கிக்கொண்டேன். பதினெட்டு ஆகட்டும் என்று சொல்லி முடித்தேன். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "சரி, அடுத்த வாரம் வரேன்" என்றாள், விலை படியாமல் போகிற புடவைத் தரகர் மாதிரி.

அடுத்த வாரம் வந்தாள். ஒரு மணி நேரம் அரை மணியாகியிருந்தது. நான் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்ளலாம் என்று ஒரு வரி சேர்த்திருந்தாள். மாட்டேன் என்றேன். அதற்கடுத்த வாரம், "நீயே ஒரு தடவ ஆடிப் பாரு, அப்பறம் சொல்லு" என்றாள். அதற்கும் மாட்டேன் என்றேன். நான்காவது வாரம் அவள் வரவில்லை. பிள்ளை சொன்ன பேச்சைக் கேட்டுவிட்டது என்று கிருத்திகை அன்று ஒரு தேங்காய் அதிகமாக உடைத்தேன்.

அந்த வாரம் வியாழக்கிழமை. நான் போன வீட்டில் பாவு சாயத்திலிருந்து வரவில்லை என்றார்கள். மூன்று மணிக்கே திரும்பிவிட்டேன். பள்ளியில் ஏதோ அரை நாள் விடுமுறை. காதில் ஹெட்போன் போட்டிருந்ததால் நான் உள்ளே வந்தது மகளுக்குக் கேட்கவில்லை. திரையில் அதே மழைத் தெரு. அதே பெண். கத்தி மேலே போய் இறங்கியது. அதை இறக்கியது மேசை மேல் இருந்த என் மகளின் கை.

நான் அவள் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றேன். அவளாகத் திரும்பிப் பார்த்து ஹெட்போனைக் கழற்றினாள்.

"எத்தினி நாளா?"

"ஒம்போது நாளு."

"சின்னப் பசங்களுக்கு இத எப்பிடி விடறான்?"

"பொறந்த தேதி கேக்கும்பா."

"இன்னா போட்ட?"

ஹெட்போன் வயரை விரலில் சுற்றினாள். பிறகு, "உன்னோடத போட்டேன்" என்றாள்.

ரத்தத்தைப் பார்த்ததைவிட இது என்னைத் தூக்கிப் போட்டது. என் தேதியை வைத்துப் பொய். விளக்கு எரிகிற வீட்டில், முருகன் படத்துக்கு எதிரில் உட்கார்ந்துகொண்டு பொய். அவளைக் கையைப் பிடித்துப் பூஜை அலமாரிக்கு முன் கொண்டுபோய் நிறுத்தினேன். தட்டில் கற்பூரத்தை வைத்து ஏற்றினேன். எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சொல்வது எங்களுக்குக் கடைசிச் சத்தியம். அதற்கு மேல் ஒன்று கிடையாது.

"இனிமே வயசுல பொய் சொல்ல மாட்டேன்னு அடி."

மனைவி கரண்டியோடு ஓடி வந்தாள். "கொழந்தைய போய்க் கற்பூரம் அடிக்கச் சொல்றீங்களே!"

மகள் பயப்படவில்லை. கையை நீட்டவும் இல்லை. "அடிக்கிறேன். மொதல்ல நீ அடி. 'நான் வயசுல பொய் சொன்னதே இல்ல'ன்னு சொல்லிட்டு அடி. அடுத்தது நான்" என்றாள்.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. என்னையா கேட்கிறாய் என்று கற்பூரத்தை அடிக்கக் கையை ஓங்கினேன். நெருப்புக்கு நேராகக் கை போய்விட்டது. அப்போது அவள் மெதுவாக ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்.

"நாலரை."

அந்த வார்த்தைக்கு உரிய இடத்தை நான் மறந்திருந்தேன். அவள் மறக்கவில்லை.

ஒன்றாம் வகுப்பில் அவளுக்கு விஷக்காய்ச்சல் வந்து பிழைத்தாள். திருத்தணியில் மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டிருந்தோம். போனோம், போட்டோம். திரும்பி வருகிற ரயிலில் அவளுக்கு டிக்கெட் எடுக்கவில்லை. ஐந்துக்குக் கீழே என்றால் டிக்கெட் வேண்டாம். அவளுக்கு ஆறு முடிந்திருந்தது. காய்ச்சலில் இளைத்து, மொட்டைத் தலையும் சந்தனமுமாகச் சின்னதாகத்தான் தெரிந்தாள். ரயில் ஏறும் முன் அவள் காதில் சொல்லிக் கொடுத்தேன்: "வயசு கேட்டா நாலரைன்னு சொல்லு பாப்பா. எந்த கிளாஸ்னு கேட்டா எல்கேஜின்னு சொல்லு." வெறும் நாலு என்றால் சந்தேகம் வரும், அரை சேர்த்தால் நம்புவார்கள் என்று அந்த அரையை நான்தான் யோசித்துச் சேர்த்தேன். முருகனுக்கு முடி கொடுத்த தலையில் சந்தனம்கூடக் காயவில்லை.

பரிசோதகர் வந்தார். குனிந்து அவளையே கேட்டார். "நாலரை" என்றாள். "எந்த கிளாஸ் பாப்பா?" என்னைப் பார்த்துவிட்டு, "எல்கேஜி" என்றாள். "சமத்து" என்று கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார். நானும் சமத்து என்று சொல்லி அவளை மடியில் தூக்கி வைத்துக்கொண்டேன்.

"அந்த வருஷம் நான் ஒண்ணாங்கிளாஸ் லீடர்ப்பா" என்றாள் மகள், கற்பூரத்துக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு. "அவருகிட்ட லீடர்னு சொல்லணும்னு ஆசையா இருந்துது. நீ எல்கேஜின்னு சொல்லச் சொல்லிட்ட. நீ கொறைச்சா சாமர்த்தியம், நான் கூட்டினா பாவமா?"

என் கை அந்தரத்திலேயே நின்றது. கீழே சூடு தெரிந்தது. அடிக்கவும் முடியவில்லை, இழுத்துக்கொள்ளவும் முடியவில்லை. கற்பூரம் நீலமாகிச் சின்னதாகித் தானாகவே அணைந்தது. மூன்று பேரும் அது அணைவதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"நானுந்தான் பக்கத்துல உக்காந்துக்கினு இருந்தேன்" என்றாள் மனைவி.

அன்றைக்கு யாரும் சத்தியம் செய்யவில்லை. மகளே போய் அந்த விளையாட்டை அழித்துவிட்டு வந்தாள். "பதினெட்டு ஆனா போடுவேன். அப்ப நீ தடுக்கக் கூடாது" என்றாள். தடுக்க மாட்டேன் என்றேன். பதினெட்டு முடிந்த அன்று கோவிலுக்குப் போய் வந்து, என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துத் தன் தேதியைப் போட்டாள். பத்து நிமிடம் பார்த்தேன். எனக்குப் பிடிக்கவில்லை, இன்றும் பிடிக்கவில்லை. ஆனால் அது அவளுடைய தேதி.

இதோடு முடிந்திருந்தால் நான் எழுத வேண்டிய அவசியமே இல்லை. இனிச் சொல்வதுதான் எனக்குக் கஷ்டம்.

அந்தக் கற்பூரம் அணைந்த மறுவாரம் ஒரு வீட்டில் பாவு சேர்த்துக்கொண்டிருந்தேன். மனதில் கிடந்ததை அந்த வீட்டுக்காரரிடம் சொன்னேன். "பொண்ணு வயச மாத்திப் போட்டு ஏதோ கொலை கேம் ஆடுதுபா. கற்பூரம் வரைக்கும் போயிடுச்சு" என்றேன். ரயிலைச் சொல்லவில்லை. சொல்ல வாயெடுத்து, விழுங்கிவிட்டேன். என்னை ஊர் பக்திமான் என்கிறதே, அது போய்விடுமே என்று. "உன்ன மாதிரி சாமி கும்பிடறவங்க வீட்டுலயேவா?" என்று அவர் வாயைப் பிளந்தார். நான் தலையை ஆட்டினேன்.

ஆறு மாதம் கழித்து வேறொரு தெருவில், நூல் சுற்றிக்கொண்டிருந்த ஒரு அம்மா எனக்கே அந்தக் கதையைச் சொன்னார். யாருடைய மகள் என்று அவருக்குத் தெரியாது. "பொய்ச் சத்தியம் பண்ணிச்சாம். கை வெந்துபோச்சாம். இப்ப தானா சிரிச்சிக்கினு இருக்குதாம். அப்பன் பாவம், சொக்கத் தங்கமாம்" என்றார். என் விரலில் இருந்த இழை அறுந்தது. அப்போதாவது வாயைத் திறந்திருக்க வேண்டும். "அப்படிங்களா" என்று கேட்டுவிட்டு, அறுந்த இழையைத் தேடி முறுக்கினேன். கதையைக் கூட்டியவர்கள் பலர். முதலில் குறைத்தவன் நான்.

இந்தத் தை மாதம் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். அவளுக்கு இப்போது இருபத்தொன்று முடிந்துவிட்டது. புடவை டிசைன்களைக் கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுக்கிற இடத்தில் வேலை. வந்தவர்கள் உள்ளூர்தான், மரியாதையான குடும்பம். காபி குடித்தார்கள். ஜாதகம் பேசினார்கள். பிறகு மாப்பிள்ளையின் அம்மா என் மகளைப் பக்கத்தில் கூப்பிட்டு, "தப்பா நெனைச்சுக்காதம்மா. அந்தக் கற்பூரக் கதை உன்னோடதுன்னு சொன்னாங்க. கைய கொஞ்சம் காட்டு" என்றார்.

மகள் இரண்டு கையையும் நீட்டினாள். "எந்தக் கைன்னு சொன்னாங்க?"

"வலதுன்னாங்க."

வலது கையைத் திருப்பிக் காட்டினாள். அந்த அம்மா கட்டை விரலால் உள்ளங்கையைத் தேய்த்துப் பார்த்தார், பட்டில் கறை இருக்கிறதா என்று பார்ப்பதுபோல. நான் பெற்ற பிள்ளையின் கையை என் வீட்டுக் கூடத்தில் வைத்துச் சோதித்தார்கள். நான் உட்கார்ந்திருந்தேன்.

மகள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. என்னை மட்டும் பார்த்தாள். "அப்பா, நீ சொல்றியா, நான் சொல்லட்டா?"

சொன்னேன். ரயிலிலிருந்து ஆரம்பித்தேன். நாலரையைச் சொன்னேன், எல்கேஜியைச் சொன்னேன். அடிக்க முடியாமல் நின்ற கை என்னுடையது என்று சொன்னேன். நூல் சுற்றுகிற அம்மாவிடம் வாய் திறக்காமல் வந்ததையும் சொன்னேன். மாப்பிள்ளையின் அப்பா காபி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா, "ஐயோ, தேய்ச்சு வேற பாத்துட்டேனே" என்று தன் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார். போய் வருகிறோம் என்று போனார்கள். இதுவரை தகவல் இல்லை.

"அவங்க வராட்டி போவட்டும்" என்றாள் மகள். "வந்து கேட்டாங்க, அதனால தெரிஞ்சுது. கேக்காம எத்தினி வீட்டுல நம்பிக்கினு இருக்காங்களோ! எழுதுப்பா."

எழுதியதை அவளிடமே படிக்கக் கொடுத்தேன். கற்பூரம் அணைந்ததும் அவள் அழுதாள் என்று ஒரு வரி வைத்திருந்தேன். "நான் எப்போ அழுதேன்? நீதான் அழுத" என்றாள். அந்த வரியை அடித்துவிட்டேன். நான் அழுதேன்.

இதைப் படிப்பவர்களைக் கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். அந்தக் கதையை நீங்கள் கேட்ட வீடு எதுவோ, அங்கே போய் இதைச் சொல்லுங்கள். சொல்லும்போது என்னை நல்லவனாக்க வேண்டாம், அவளைப் பாவமாக்கவும் வேண்டாம். நீளமாக இருக்கிறதே என்று ரயிலை மட்டும் விட்டுவிடாதீர்கள். நான் விட்டது அதைத்தான். எழுதியிருக்கிறபடி, ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள்.