அம்மா பஸ்ஸில் உடைத்த இரகசியம்

இன்று மாலை அம்மாவும் நானும் பஸ்ஸில் எங்கள் ஊரான வெக்ஸ்போர்ட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம்.

போன வருடம் மருத்துவப் பீடம் என்னை எடுக்கவில்லை. மறுபடி விண்ணப்பிக்கும்வரை முதியோர் இல்லமொன்றில் தொண்டு வேலை செய்கிறேன். அம்மா இதை வெளியே யாருக்கும் சொன்னதில்லை. யார் கேட்டாலும் "பிள்ளை படிக்கிறாள்" என்று சமாளித்துவிடுவார்.

முன் இருக்கையில் எங்கள் பழைய அயல்வீட்டு அன்ரி. திரும்பிப் பார்த்து, "பிள்ளை டொக்டருக்குத்தானே படிக்கிறா?" என்றார்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"இல்லை," என்றார் அம்மா. "போனமுறை கிடைக்கேல்லை. திரும்பப் போடுறாள். நாள் தவறாமல் போய் வயசான ஆக்களுக்கு வாயிலை சாப்பாடு தீத்திப்போட்டு வாறாள். இவளை எடுக்காட்டி அவைக்குத்தான் நட்டம்."

பஸ் முழுக்கக் கேட்டிருக்கும். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அன்ரி சற்று யோசித்தார். பிறகு முழங்காலைத் தடவியபடி, "அப்ப பிள்ளை, இந்த நோவுக்கு என்ன செய்யலாம்?" என்றார்.

நாங்கள் இறங்கும்வரை அந்த முழங்காலைப் பற்றித்தான் பேச்சு. இதையும் விண்ணப்பத்தில் அனுபவமாகக் காட்டலாமா? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.