அடம்பன் கொடியைப் பிடுங்கியவன்

கற்பிட்டிக் கரையில் தோட்ட வேலை என்றால், முன்பக்கத்துப் புல்லை வெட்டி முடிப்பதற்குள் பின்பக்கத்துப் புல் வளர்ந்து நிற்கும். கனமூலை ஊரில் பத்து வருஷம் புடவைக் கடையில் துணி அளந்த நான், கடை மூடியதும் கடலோர ஹோட்டல் ஒன்றின் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். முதுகு நொந்த சகோதரர்களே, இதெல்லாம் உங்களுக்கும் நடந்திருக்கும்.

மண்ணுக்குக் கீழே

முதல் நாள், தோட்டத்துக்குப் பொறுப்பான சுனில் மாத்தயா புல்தரையில் கிடந்த கோரையைப் பிடுங்கச் சொன்னார். மத்தியானத்துக்குள் முடித்துவிட்டேன். அடுத்த கிழமை அதே இடத்தில் முன்னைவிட அடர்த்தியாக நின்றது. கோபத்தைவிட எனக்கு ஆச்சரியம்தான் வந்தது. ஒன்றைச் சுற்றி மெல்லத் தோண்டினேன். ஒரு சாண் ஆழத்தில் கறுப்பாக ஒரு கிழங்கு. அதிலிருந்து நூல் மாதிரி ஓடி இன்னொன்று, அதற்கப்பால் இன்னொன்று, தஸ்பீஹ் மணி கோர்த்ததுபோல. புதையல் எடுத்தவனாக ஓடிப்போய் மாத்தயாவிடம் காட்டினேன்.

“கிழங்கு இருக்கு எண்டு எனக்குத் தெரியும் தம்பி. உங்களுக்கு எப்ப தெரியும் எண்டுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.”

கடல் தெரிய வேணும்

சுனில் மாத்தயா லீவில் போயிருந்த நேரம், மெனேஜர் என்னைக் கூப்பிட்டார். புல்தரைக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு மணல் மேடு. அதை மூடிப் படர்ந்திருந்தது அடம்பன் கொடி. பார்க்கக் காடு மாதிரி இருக்கிறதாம், எல்லாம் போக வேண்டுமாம். மூன்று நாள் இழுத்தேன். மேடு மொட்டையாகிவிட்டது.

டொல்பின் பார்க்க ஆட்களை ஏற்றிப்போகும் உச்சமுனைப் படகுக்காரர் பீற்றர் அண்ணன் மேட்டடியில் நின்று என்னையும் கொடிக் குவியலையும் மாறி மாறிப் பார்த்தார்.

“மணலைக் கட்டி வைச்சிருந்த கயிறை அறுத்துப்போட்டு, சிரிச்சுக்கொண்டு நிக்கிறீரே!”

சோழகம்

கடலிலிருந்து அடிக்கும் சோழகக் காற்று தொடங்கி ஐந்தாம் நாள் புல்தரையில் பாதி மணலுக்குள் போய்விட்டது. மெனேஜர் எல்லோரையும் வரிசையில் நிறுத்தி, “கொடியைப் பிடுங்கினது யார்?” என்று கேட்டார். பிடுங்கச் சொன்னவர் அவர்தான். ஆனால் அதை யார் அவரிடம் சொல்வது? வேலை போனால் வீட்டில் என்ன சொல்வதென்ற யோசனை வேறு. “நான்தான் சேர்,” என்றேன். “திருப்பி நட ஒரு மாதம் தாங்க.”

தந்தார். மேட்டின் ஓரத்தில் நான் தவறவிட்ட ஒற்றைக் கொடியைக் குந்தியிருந்து பார்த்தேன். கணுவுக்குக் கணு வேர், ஒவ்வொரு வேரடியிலும் ஒரு பிடி மணல் குவிந்திருந்தது. லீவு முடிந்து வந்த சுனில் மாத்தயாவும் நானும் வெளிக் கரையில் கொடி வெட்டி வந்து, கணுக்களைப் புதைத்து, காற்றுக்குத் தென்னோலை மறைப்புக் கட்டித் தண்ணீர் ஊற்றினோம். மூன்றாம் கிழமை ஒரு கொடியை இழுத்துப் பார்த்தேன். வரவில்லை. மாதம் முடிய மெனேஜர் வந்தபோது ஊதாப் பூ ஒன்று விரிந்திருந்தது.

“இது பூக்கும் எண்டு முதலே சொல்லியிருந்தா, நான் பிடுங்கச் சொல்லியிருப்பனா?”

கத்தரிக்கோல் கேட்டவர்

கொழும்பிலிருந்து வந்து தங்கிய வயதான ஒருவர், நான் செவ்வரத்தைப் பூச்செடி வேலி வெட்டுவதைக் கதிரை போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் வெட்கத்தோடு கத்தரிக்கோலைக் கேட்டார். கொடுத்தேன். வேலியின் நடுவில் பூனை நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டார். பிறகு பின்னுக்குப் போய் நின்று, தலையைச் சரித்து, வெகுநேரம் ரசித்தார்.

“முப்பது வருஷம் கந்தோரில பைல் புரட்டிக்கொண்டு இருந்தன் தம்பி, நான் செய்த வேலையை இப்பதான் முதல்முதலாக் கண்ணால பார்க்கிறன்.”

இப்போது யாராவது என்ன தொழில் என்று கேட்டால் தோட்ட வேலை என்று நிமிர்ந்து நின்றுதான் சொல்கிறேன், நிமிர்வதற்குத்தான் கொஞ்சம் நேரமெடுக்கிறது.