மாதுளங்கொடி வந்த சாயங்காலம்

போர்வைத் துணிக்குப் பூ வரைவது அவர் வேலை. அதனால் மில்லில் எல்லோருக்கும் அவர் பூக்காரர். பகல் முழுக்க மேசையில் மண்டையைக் குடைந்துகொண்டு உட்கார்ந்திருப்பார். ஓர் இதழ்கூட உருப்படியாக வராது. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் மனைவி பாத்திரம் கழுவித் தர, பக்கத்தில் நின்று துடைத்து அடுக்குவார். அவள் பாட்டுக்குப் பேசுவாள், இவர் பாட்டுக்கு ‘ம்’ கொட்டுவார். ஏழாவது தட்டோ எட்டாவது தட்டோ துடைக்கும்போது, கூப்பிடாமலே ஒரு கொடி மனதுக்குள் வளைந்து வந்து நிற்கும். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிப்போய் வரைந்துவிடுவார்.

“அவ பேசிட்டே இருக்கணும் சார். அப்பத்தான் எனக்குள்ள இருக்கறவன் வேலை செய்வான்” என்று மேனேஜரிடமே பீற்றிக்கொள்வார். அதை நினைத்தால் இப்போது நாக்கு கசக்கிறது. மனைவிக்கும் விஷயம் தெரியும். “நான் ரேடியோ மாதிரி. ஆஃப் பண்ணாம இருந்தா சரி” என்று சிரிப்பாள்.

அவர் போட்டதிலேயே பேர் வாங்கியது மாதுளங்கொடி. ஒன்பது வருஷம் அச்சில் ஓடியது. அதுவும் பாத்திரம் துடைக்கையில் வந்ததுதான்.

அது வந்து ஐந்து மாதம் கழித்து, வயிற்றுவலி தாங்காமல் சுருண்டு விழுந்தவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தார். “எப்பலேர்ந்து வலி?” என்று டாக்டர் கேட்டார்.

“அஞ்சு மாசமா இருக்கு. இவர் மாதுளங்கொடி போட்டாரே, அன்னைக்குத்தான் முதல்ல இவர்கிட்ட சொன்னேன்.”

டாக்டர் இவரைப் பார்த்தார். “அப்பவே வந்திருந்தா...” என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார்.

இவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. அன்றைக்கு அவள் என்ன சொன்னாள்? கொடி எந்த இடத்தில் வளைந்தது, பிளந்த பழத்தில் எத்தனை விதை என்பது வரை நினைவிருக்கிறது. அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூட இல்லை.

வார்டில் கட்டிலோரம் உட்கார்ந்தவருக்குத் தன்மேல் இருந்த ஆத்திரம் அவள்மேல் பாய்ந்தது. “நான் காதுல வாங்கலன்னு உனக்குத் தெரியும்ல? இன்னொரு தரம் சொல்லியிருக்கலாம்ல?”

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. அவர் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

“எப்பவும் வாங்க மாட்டீங்கதான். அன்னைக்கு நான் சொல்லி முடிச்சதும் கைவேலைய நிறுத்திட்டு, என்னையே பாத்தீங்க. அப்புறம் ‘ம், சரி’ன்னு சிரிச்சீங்க. பயப்பட ஒண்ணும் இல்லபோலன்னு விட்டுட்டேன்.”