கீழ்த்தளத்துத் தண்ணீர்

அம்சா லாட்ஜின் முன்வாசல் பலகை சிறியது. பக்கத்துச் சந்தில் மாட்டியிருப்பது அதைவிடப் பெரியது. ‘பெண்கள் குளிக்கலாம், துணி மாற்றலாம். காசு வேண்டாம்’ என்று தமிழிலும் தெலுங்கிலும் எழுதியிருக்கும். ஓட்டல் வைத்தால் கூட்டம் அம்மும் கீழ்த்தளத்தில் ஆறு குளியலறைகளைக் கட்டிச் சும்மா விட்டிருக்கிறாளே என்று திருத்தணிக் கடைக்காரர்களுக்கு இன்னும் ஆறவில்லை.

அம்சா பொதட்டூர்பேட்டைத் தறிக்காரர் வீட்டுப் பெண். முப்பது வருஷத்துக்கு முன்பு மகள் தேவிப்பிரியாவுக்கு மொட்டை போட ஆடிக் கிருத்திகைக்கு வந்தாள். சரவணப் பொய்கையில் முழுகி எழுந்தபின் ஈரப்புடவை மாற்ற இடமில்லை. நின்றிருந்த பஸ் ஒன்றின் ஓரமாகப் போய் நின்றாள். இந்தப் பக்கம் நாத்தனார் யோகலட்சுமி வேட்டியை விரித்துப் பிடித்தாள். அந்தப் பக்கத்துக்கு பஸ்ஸே மறைப்பு. பாதி மாற்றும்போது டிரைவர் பஸ்ஸை எடுத்துவிட்டான். எதிரே டீக்கடை. பெஞ்சில் ஏழெட்டுப் பேர்.

வீட்டுக்குப் போய் மூன்று நாள் அவள் தறியில் உட்காரவில்லை. நாலாம் நாள் புருஷன் ஹேமநாதனிடம், “பாவா, தறிய வித்துடலாம்” என்றாள்.

“வித்துட்டு?”

“திருத்தணியில வெந்நி போடலாம்.”

ஹேமநாதன் இன்றைக்கும் இதைச் சொல்லிச் சிரிப்பார். “பொண்டாட்டிக்குப் புத்தி பேதலிச்சிடுச்சுன்னு நெனச்சேன். ஆனாலும் வித்தேன். அப்ப எனக்கும்தானே பேதலிச்சிருக்கணும்?”

மலை அடிவாரத்தில் காலி மனை ஒன்றைப் பிடித்தார்கள். நாலு தகரத் தடுப்பு, ஓர் அண்டா, சவுக்குக் கட்டை. மொட்டை போட்டவர்களுக்கு வெந்நீர் பக்கெட் இரண்டு ரூபாய். துணி மாற்ற மட்டும் வரும் பெண்களுக்குக் காசில்லை. முதல் நாள் போட்ட விதி அது. குளித்தவர்கள் படுக்க இடம் கேட்டார்கள், பாய் போட்டாள். பாய் போட்டவளிடம் அறை கேட்டார்கள். அண்டா முன்னால் வெந்த பத்து வருஷத்தில் முதல் மாடி எழும்பியது. இப்போது மூன்று மாடி, நாற்பத்திரண்டு அறை.

ஆந்திர எல்லையோரம் ஒரு பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகளுக்குக் கழிப்பறை கட்டிக் கொடுத்தாள். திறப்பு விழாவுக்குப் போகவில்லை. ஒரு மாதம் கழித்துத் தனியாகப் போய்க் குழாயைத் திறந்து பார்த்தாள். தண்ணீர் வரவில்லை. மறுவாரம் மோட்டாரும் அவளே போட்டாள். அப்புறம் அப்படி ஒன்பது பள்ளிக்கூடங்கள்.

போன வருஷம் ஆடிக் கிருத்திகை அன்று விடிந்ததும் லாட்ஜில் போர்த் தண்ணீரை மேலே ஏற்றும் கம்ப்ரஸர் மோட்டார் புகைந்து நின்றது. லாட்ஜின் ரிப்பேர் எல்லாம் பார்க்கும் எலக்ட்ரீஷியன் கிருஷ்ணன் முகர்ந்து பார்த்துக் கையை விரித்தான். “அரக்கோணத்துல வேற ஒண்ணு கேட்டு வெக்கறேன்மா. ரயில்லதான் கொண்டாரணும்.” திருவிழாக் கூட்டம் என்று போலீஸ் ஊருக்குள் வண்டி வர விடவில்லை. தண்ணி லாரியும் புறவழிச்சாலையிலேயே நின்றுவிட்டது. மொட்டை மாடித் தொட்டியில் பாதித் தண்ணீர் இருந்தது. மாடிகளுக்கு விட்டால் சந்துக் குளியலறைகளுக்கு இல்லை. சந்துக்கு விட்டால் மாடிகளுக்கு இல்லை.

“இன்னிக்கி ஒரு நாள் சந்துக் கதவ சாத்திடலாம்மா” என்றான் மகன் ஷ்யாம். வரவேற்பு மேஜையைப் பார்ப்பவன் அவன்தான்.

“இன்னிக்கித்தான்டா அந்தக் கதவுக்கு வேலையே. மத்த நாளெல்லாம் ஒத்திகை பாத்துகினு இருந்தோம்.”

“மேல இருக்கறவங்க ரூம் போட்டு வந்தவங்கம்மா.”

“ஆங். அவங்களுக்குக் கதவு இருக்குது, தாப்பா இருக்குது. சந்துல நிக்கறவளுக்கு என்னா இருக்குது?”

மொட்டை மாடிக்குப் போய் மாடிகளுக்கான வால்வுகளை அவளே திருகி மூடினாள். பிறகு நாற்பத்திரண்டு கதவையும் தட்டினாள். மூட்டுவலிக்காரி. ஒவ்வொரு மாடியிலும் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு சற்று நின்றாள்.

முப்பத்தொன்றாம் எண்ணில் சென்னைக்காரர் வைத்தீஸ்வரன். மொட்டை போட்ட தலையும் கழுத்தில் ஒட்டிய மயிருமாகக் கதவைத் திறந்தார்.

“குளிக்காம எப்படிம்மா மலை ஏறறது? அதுக்குத்தானே ரூம் எடுத்தோம்?”

“தப்பு எங்களுதுதான் சார். வாடக வேணாம். ஆம்பளைங்களுக்குப் பின்னால தொட்டி இருக்குது. ஆளுக்கு ரெண்டு பக்கெட்டு. கொஞ்சம் கீழ வாங்க.”

அவர் வாதாடிக்கொண்டிருக்கும்போதே மனைவி அபிராமசுந்தரி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டாள். சந்து வரிசையில் அவளுக்கு முன்னால் நகரியிலிருந்து வந்த பெண், இடுப்பில் மொட்டைக் குழந்தை.

“மேல ரூம் எடுத்துமா இங்க நிக்கறீங்கக்கா?”

“ஆமா.”

“அப்ப ரூம் எதுக்குக்கா?”

“பெட்டி வைக்க.”

வரிசையே சிரித்தது. வாசலில் நின்ற ஹேமநாதன், “ரெண்டு பக்கெட்டுதான் ஆளுக்கு. மூணாவது வேணும்னா மோட்டாரைப் போயிக் கேளு” என்று சொல்லிக்கொண்டேயிருந்தார். அம்சா குழாயடியை விட்டு நகரவில்லை. மணிக்கொரு தரம் ஷ்யாமை மேலே அனுப்பித் தொட்டியைப் பார்க்கச் சொன்னாள். மூன்று மணிக்கு அவன் வந்து ஒரு சாண்தான் மிச்சம் என்றான். வரிசை தெருமுனை வரை நின்றது.

கிருஷ்ணனும் இன்னொரு ஆளும் மோட்டாரை மூங்கில் கழியில் கட்டி, தோள் நோகாமலிருக்க மஞ்சள் துண்டைச் சுற்றி, ஸ்டேஷனிலிருந்து சுமந்து வந்தார்கள். காவடி என்று நினைத்து ஜனங்கள் அரோகரா போட்டு வழிவிட்டார்கள். நாலரை மணிக்குத் தண்ணீர் ஏறியது. வரிசையில் நின்ற ஒருத்தியும் ஈரத்தோடு திரும்பவில்லை.

அடுத்த வாரம் ஷ்யாம் போனைப் பார்த்துப் படித்தான். “அந்த முப்பத்தொன்னாம் நம்பர்காரரு ஒரே ஒரு ஸ்டார் குடுத்திருக்காரும்மா. ‘மூன்றாம் மாடியில் அறை எடுத்தோம், கீழே வரிசையில் நின்று குளித்தோம்’னு எழுதியிருக்காரு.”

“பொய் எழுதலியே.”

“பதில் போடணும்.”

“அடுத்த தரம் மேலயே தண்ணி வரும்னு போடு.” கொஞ்சம் யோசித்தாள். “‘மோட்டார் ஓடினா’ன்னும் சேத்துப் போடு.”

பிறகு சந்துப் பக்கம் போனாள். மூன்றாவது குளியலறைத் தாழ்ப்பாள் லேசாக ஆடுகிறது என்று காலையில் யாரோ சொல்லியிருந்தார்கள். உள்ளே போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள். தோளால் ஒருமுறை தள்ளிப் பார்த்தாள். திறந்துகொண்டது.

“கிருஷ்ணனக் கூப்பிடு” என்றாள்.