வலது காலுக்கு நேர்ந்த காணிக்கை

கல்யாணத்துக்குக்கூட நான் கோட்டு போட்டவனில்லை. சத்துமாவு டப்பா விற்கும் கம்பெனியில் சேர்ந்த பிறகு போட்டேன். நாகர்கோவில் கூட்டத்துக்குக் கோட்டோடு வந்தால்தான் மரியாதை என்றார்கள். முதல் நாள் பஸ்ஸில் வேர்த்து வடிய நின்றபோது, பக்கத்தில் இருந்த ஒரு அம்மா என்னைச் செக்கிங் என்று நினைத்து டிக்கெட்டை எடுத்து நீட்டினார். பணக்காரனாகப் போகிற களை முகத்தில் வந்துவிட்டது என்று நான் சந்தோஷப்பட்டேன்.

சேர ஏழாயிரத்து ஐந்நூறு ரூபாய். மனைவியின் வளையல் ஒன்றைக் கூட்டுறவுச் சங்கத்தில் அடகு வைத்துக் கட்டினேன். சீக்கிரம் மீட்டுத் தருவதாகப் பகவதியம்மன் படத்தின் முன் நின்று சொல்லியிருந்தேன். கம்பெனி நாலு டப்பாவும் ஒரு பேட்ஜும் தந்தது. மாதம் ஒரு டப்பா வாங்காவிட்டால் நம் மெம்பர் நம்பர் செத்துப்போகும் என்பதைச் சேர்ந்த பிறகு சொன்னார்கள்.

கணக்கு எளிது. எனக்குக் கீழே இடப்பக்கம் சேருகிறவர்கள் இடது கால், வலப்பக்கம் சேருகிறவர்கள் வலது கால். இரண்டும் சமமாக வளர்ந்தால்தான் செக் வரும். இடது காலில் என் தம்பியும் அவன் கூட்டாளிகளும் சேர்ந்தார்கள். வலது காலுக்கு ஒரு ஈ காக்கைகூட வரவில்லை. செக்கும் வரவில்லை.

என்னைச் சேர்த்துவிட்டவர் ஒருநாள் வீட்டுக்கு வந்து, பெரிய டாக்டரைப் போல உதட்டைப் பிதுக்கினார்.

"அண்ணாச்சி, ஒங்களுக்க வலது கால் ரொம்ப வீக்கு. இப்பிடியே விட்டா இடது காலும் வேஸ்ட்டாப் போவும்."

"என்ன செய்யணும்?"

"ஒங்க சகலை துபாய்லேருந்து வந்திருக்காருல்லா? அவரைப் பிடியுங்க."

அடுக்களையில் சாயா போட்டுக்கொண்டிருந்த மனைவி பாதிதான் கேட்டிருக்கிறாள். மறுநாள் முதல் எனக்குத் தேய்த்துக்கொள்ளக் காயத்திருமேனி எண்ணெயும் வெந்நீரும் கிடைத்தன. தண்ணீர்க் குடத்தைத் தொடவிடவில்லை. பிசினஸ்காரனின் அருமை இப்போதாவது தெரிந்ததே என்று நானும் காலை நீட்டிக்கொண்டு இருந்தேன்.

வெள்ளிக்கிழமை மண்டைக்காட்டுப் பகவதியம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போனாள். நடை முன்னாலுள்ள கடையில், காணிக்கை போடுகிற வெள்ளித் தகட்டுக் கால் ஒன்றை வாங்கினாள்.

"யாருக்குடி இந்தக் கால்?"

"ஒங்களுக்குத்தான். நான் நேந்திருக்கேன். வலது கால் வீக்குன்னு அந்த ஆளு சொன்னாருல்லா?"

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு, கால் என்பது என்ன, யார் என்பதை விளக்கினேன். அவள் சிரிக்கவில்லை.

"அப்போ எனக்க தங்கச்சி மாப்பிளையத்தான் ஒங்களுக்குக் காலாக்கப் போறியளா?"

"அவருக்கும் வருமானம் வரும்லா."

"ஒங்களுக்கு வந்துதா?"

கடைக்காரர் பாக்கிச் சில்லறையை வைத்துக்கொண்டு என் பதிலுக்குக் காத்திருந்தார்.

"வரல்ல" என்றேன்.

"எனக்க வளையல் போனது போட்டும். அவளுக்க வளையலயும் கொண்டு வைக்காண்டாம்." தகட்டுக் காலை என் கையில் தந்தாள். "நேந்தது நேந்ததுதான். கொண்டு போடுங்க."

போட்டேன். அம்மன் முன்னால் நிற்கும்போது கோட்டு போட்டிருந்தால்கூட அவ்வளவு வேர்த்திருக்காது. சகலையிடம் நான் வாயே திறக்கவில்லை. கூட்டத்துக்கும் பிறகு போகவில்லை. சேர்த்துவிட்டவர் என்னை ‘லட்சியம் இல்லாதவர்’ என்று ஊரெல்லாம் சொன்னார். பஸ் காசும் கூட்டத்துக்கு நுழைவு டிக்கெட்டும் டப்பாச் செலவும் மிச்சமானதில், லட்சியம் இல்லாதவனுக்கு மாதாமாதம் வட்டி கட்ட முடிந்தது. முதலையும் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்தேன்.

இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகி வளையலை மீட்டோம். அதற்குள் பவுன் விலை ஏறிக் கிடந்தது. சங்கத்து வாசலிலேயே அதைக் கையில் போட்டுக்கொண்டு மனைவி சொன்னாள்: "நீங்க கோட்டு போட்டு அலைஞ்சு ஒரு பைசா கொண்டு வரல்ல. சங்கத்துப் பெட்டிக்குள்ள சும்மா கெடந்த இது எவ்வளவு சம்பாதிச்சிருக்கு, பாத்தியளா?"